நந்தவனத்து ஆயா

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு வருகிற தை மாதத்தில் கும்பாபிஷேகம் நிச்சயமாகியிருக்கிறது. அதையொட்டி வெளியிடும் மலருக்குப் பழைய புகைப்படம் ஏதேனும் இருந்தால் அனுப்பி வைக்குமாறு திருப்பணிக் குழுவினர் கேட்டிருந்தார்கள். என் தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அவர் சிவபதம் அடைந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியில் பழைய பஞ்சாங்கங்கள், நிலவரி ரசீதுகள், என் பள்ளி மதிப்பெண் பட்டியல்கள். ஒரு பஞ்சாங்கத்தின் நடுவே அந்தப் படம் இருந்தது.

உள்ளங்கையை விடச் சற்றே பெரிய சதுரப் படம். கறுப்பு வெள்ளை, காலத்தால் பழுப்பேறியிருக்கிறது. பின்புறம் தந்தையாரின் கையெழுத்தில், ‘கீலக வருஷம், மார்கழி, ஆருத்ரா தரிசனம்’ என்று நீல மசியில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலக் கணக்கில் 1968 டிசம்பர் நடுவிலிருந்து 1969 ஜனவரி நடுவுக்குள் வரும் மாதம் அது. எனக்கு அப்போது பத்து வயது.

படத்தில் கோபுர வாயில். நடுவே வீதியுலா முடிந்து வந்த நடராஜப் பெருமான், சப்பரத்தில். முகம் தெரியாத அளவுக்கு மாலைகள். இருபுறமும் மனிதர்கள்: குருக்கள், ஓதுவார், நாகஸ்வரக்காரர், தவில்காரர், தர்மகர்த்தா, ஊர்ப் பெரியவர்கள் சிலர். முன்வரிசையில் திருநீறு பூசிய பஜனைச் சிறுவர்கள். வலப்பக்கக் கடைசியில் கையில் சேமக்கலத்துடன் நிற்பவன் நான். எண்ணிப் பார்த்தேன். 17 பேர்.

எனக்கும் அப்பால், படம் முடிகிற விளிம்பில், இன்னும் ஓர் உருவம் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கிறது. வெள்ளைப் புடைவை. ஒரு தோள். பூக்கூடையின் பாதி. புடைவைத் தலைப்பால் வாய் கட்டப்பட்டிருப்பதால் முகத்தில் தெரிவது ஒரு கண் மட்டுமே.

அவர்தாம் நந்தவனத்து ஆயா.

கும்பகோணத்திற்குக் கிழக்கே, அரசலாற்றின் கரையை ஒட்டியது எங்கள் ஊர். மேட்டூர் அணை திறந்து, ஆனி மாதத்தில் வாய்க்காலில் புதுநீர் நுரைத்துக்கொண்டு வரும். நாங்கள் சிறுவர்கள் தண்ணீரின் முனையோடு கூடவே வரப்பில் ஓடுவோம். ஆடிப் பதினெட்டு அன்று சின்னஞ்சிறு சப்பரங்களைக் கயிறு கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்வது தஞ்சைச் சீமைப் பிள்ளைகளின் தனி உரிமை. அந்தச் சப்பரங்களுக்குச் சூட்ட அரளியும் நந்தியாவட்டையும் வேண்டுமே. அதற்கு ஆயாவிடம்தான் போவோம். ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார். கோயிலுக்குப் பறித்ததிலிருந்து கொடுக்கமாட்டார். சுவாமிக்கென்று பறித்த பூ வேறு, பிள்ளைகளுக்கென்று பறிக்கும் பூ வேறு. இரண்டாவது முறை செடியண்டை போய்ப் பறித்துத் தருவார்.

கோயிலின் தென்மேற்கே, திருக்குளத்தை ஒட்டி நந்தவனம். ஒரு ‘மா’ இருக்கும். நான்கு புறமும் முள்வேலி, மூங்கில் படல். ஓரமாக ஒரு கீற்றுக் குடிசை. அதில் ஆயா தனியே இருந்தார். பொழுது புலருமுன் குளத்தில் முழுகி, ஈரப் புடைவையோடு பூக்கொய்யத் தொடங்குவார். செவ்வரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, கொன்றைக் காலத்தில் கொன்றை. தும்பைப் பூவைத் தனியே ஒரு சிறு தொன்னையில் சேர்ப்பார். தரையில் உதிர்ந்த மலரைச் சுவாமிக்குச் சாத்தலாகாது என்பது விதி. பவழமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு. அதனால் மரத்தடியை முதல்நாள் மாலையே சாணம் தெளித்து மெழுகி வைத்திருப்பார். வில்வத்துக்கும் நாள் கணக்கு உண்டு. திங்கட்கிழமை, அட்டமி, அமாவாசை முதலிய நாட்களில் வில்வம் பறிப்பதில்லை. முதல்நாளே பறித்து நனைத்த துணியில் பொதிந்து வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, எந்தப் பஞ்சாங்கமும் பாராமல் ஒரு முறையேனும் இதில் தவறியதில்லை என்று குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பூப்பறிக்கும்போதும் தொடுக்கும்போதும் ஆயா வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். தம் மூச்சும் எச்சிலும் மலரில் படக்கூடாது என்பதற்காக. பெரிய புராணத்தில் எறிபத்த நாயனார் வரலாற்றில் வரும் சிவகாமியாண்டாரும் இவ்வாறே வாய் கட்டிக்கொண்டு பூக்கொய்தவர். கருவூரில் அரசனின் யானை மலர்க்கூடையைப் பறித்துச் சிந்தியது அவரிடமிருந்துதான். ஆயாவுக்கு அந்தப் புராணம் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருடைய தாயாரும் அப்படிக் கட்டிக்கொண்டே பூத்தொடுத்தவர் என்பார்கள். இதனால் ஒன்று நேர்ந்தது. நாங்கள் பார்க்கிற பொழுதுகளில் பெரும்பாலும் அவர் வாய் கட்டியே இருந்தது. அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. கைகள்தாம் வருகின்றன. தண்ணீரில் ஊறிய வாழை நாரை நகத்தால் கிழித்து, மூன்று பூ இப்புறம், மூன்று பூ அப்புறம் வைத்து, ஒரு சுழற்று. கண் அந்த முடிச்சைத் தொடருமுன் அடுத்த முடிச்சு விழுந்திருக்கும்.

மார்கழி மாதம் எங்களுக்குத் திருவிழாவே. விடியற்காலை நான்கரை மணிக்கு ஓதுவார் வாசலில் வந்து நின்று ஒருமுறை சங்கு ஊதுவார். குளத்து நீர் வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே வந்தால்தான் குளிர் எலும்பைத் தொடும். திருவெம்பாவை இருபது பாடல்களையும், பெருமாள் கோயில் தெருவில் மட்டும் திருப்பாவையையும் பாடிக்கொண்டு நான்கு வீதி சுற்றுவோம். காஞ்சி மகா பெரியவர்களின் ஊக்கத்தால் இரண்டு பாவைகளையும் சேர்த்தே பாடும் வழக்கம் தமிழகமெங்கும் ஊர்தோறும் பரவியிருந்த காலம் அது. கோலங்களின் நடுவே சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும் பனியில் நனைந்திருக்கும். பஜனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் மற்றப் பிள்ளைகள் மடைப்பள்ளிப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு போவார்கள், வெண்பொங்கலுக்கு. எனக்கு அதற்குமுன் ஒரு வேலை உண்டு. நந்தவனத்துப் படலைத் திறந்து ஆயாவிடமிருந்து பூக்கூடையை வாங்கி, தலைமேல் வைத்துக்கொண்டு வந்து அர்த்த மண்டபப் படியில் இறக்க வேண்டும். குளித்த பையன், சுத்தமாக இருக்கிறான், நடுவில் யாரோடும் விளையாடமாட்டான் என்று ஆயாவே என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான். பிற்காலத்தில் வங்கியில் பெட்டகச் சாவியை முதன்முதலாக என்னிடம் ஒப்படைத்தபோதுகூட அவ்வளவு பெருமிதம் ஏற்படவில்லை.

இனி, அந்தப் படம் எடுத்த காலை.

ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமான் சென்னையிலிருந்து வந்திருந்தார். கையில் ஆக்பா கிளிக் என்னும் பெட்டிக் காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம். பதினொன்றை அவர் ஆற்றிலும் வயலிலும் உறவினர் வீட்டிலும் செலவழித்துவிட்டார். ஆருத்ராவுக்கென்று ஒன்றை மிச்சம் வைத்திருந்தார். எல்லாரையும் கோபுர வாயிலில் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ஆயா, சுவாமிக்குச் சாத்த இன்னொரு மாலையைக் கூடையில் எடுத்துக்கொண்டு என் பக்கமாக வந்து நின்றார். படம் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்ததோ, இல்லையோ.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “மங்களமா ஒரு படம் எடுக்கிறப்போ அது யாரு வெள்ளைப் புடைவை? தம்பி, ஆயாவை அந்தண்டை போகச் சொல்லு.”

தம்பி என்றது என்னை. நானும் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கும்படி, கையிலிருந்த சேமக்கலத்தால் வேறு திசை காட்டி, “ஆயா, தள்ளிப் போ” என்றேன். ‘போங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. ஊரில் எந்தப் பிள்ளையும் அவரை ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை.

ஆயா என்னைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார். காமிரா ‘கிளிக்’ என்றது.

அந்தக் காலத்துப் பெட்டிக் காமிராவில் படம் பிடிக்கும் வில்லை ஓரிடத்திலும், நாம் கண் வைத்துப் பார்க்கும் சிறு கண்ணாடி வேறோர் இடத்திலும் இருக்கும். பார்ப்பதும் பதிவதும் துல்லியமாக ஒன்றாக இரா. எடுத்தவர் கண்ணுக்கு ஆயா நகர்ந்துவிட்டார். படத்தில் பாதி நின்றுவிட்டார்.

அன்று சப்பரத்தில் இருந்த அத்தனை மாலையும் அவர் தொடுத்தவை. முந்தின இரவு முழுவதும் சிம்னி விளக்கின் அருகே உட்கார்ந்து தொடுத்தார். நான் நார் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குத் தூங்கப் போனேன்.

மறுநாள் ஆயா என்னிடம் கூடையைக் கொடுக்க மறுத்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவர் மறுக்கவில்லை. நான்தான் போகவில்லை. பஜனை முடிந்ததும் மற்றவர்களோடு மடைப்பள்ளிப் பக்கம் போய்விட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். படலண்டை சற்று நேரம் நின்றுவிட்டு ஆயாவே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. தை பிறந்தது, பஜனை முடிந்தது. அந்த ஆண்டுக் கோடையில் மேற்படிப்புக்காக என்னைக் கும்பகோணத்தில் உறவினர் வீட்டில் சேர்த்துவிட்டார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆயாவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு முறை வந்தபோது குடிசை பூட்டியிருந்தது. காலமாகிவிட்டார் என்றார்கள். நான் விவரம் கேட்கவில்லை.

படத்தை அலைபேசியில் எடுத்துத் திருப்பணிக் குழுவிற்கு அனுப்பினேன். அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. மலரின் முதல் பக்கத்திலேயே போடுவதாகச் சொன்னார்கள். ‘இடமிருந்து வலமாக’ என்று எல்லாருடைய பெயரும் வேண்டும் என்றார்கள். எனக்கே 13 பெயர்கள் தெரிந்தன. நாலைந்து தொலைபேசி அழைப்புகளில் மீதியும் கிடைத்தன. பதினெட்டாவது ஆளின் இடத்தில் பேனா நின்றது.

எங்களுக்கு அவர் ஆயா. பெரியவர்களுக்கு நந்தவனத்துக் கிழவி. கோயில் கணக்கில் ‘நந்தவனம் – நெல்’ என்று ஒரு வரி. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே என்கிற எண்ணமே 55 ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு வந்ததில்லை. நானோ 36 ஆண்டுகள் வங்கியில், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வாரிசுதாரர் பெயர் என்று ஊரார் பெயரையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கட்டத்தில் நிரப்பியவன். கைநாட்டு வைக்க வருகிற மூதாட்டியிடம்கூடப் பெயரைக் கேட்டு, இன்னாருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை என்று பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டவன்.

குழுவில் இருந்த இளைஞர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். “அது யாரோ ஓரத்துல நிக்கறாங்க சார். பாதிதானே தெரியுது? வெட்டிட்டா படம் சுத்தமா இருக்கும்.”

ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அன்றிரவு தஞ்சைப் பெரிய கோயில் நினைவாகவே இருந்தது. நான் தஞ்சையில் பணியாற்றிய நாட்களில் மாலை வேளைகளில் அங்கே போய் உட்கார்வது வழக்கம். தம் 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், அக்கோயிலை நிறைவு செய்த ராஜராஜ சோழர், தாம் அளித்தவற்றை மட்டும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. தம் தமக்கையார், தேவிமார், மற்றவர்கள் யார் யார் எதை அளித்தார்களோ அதையெல்லாம் வெட்டச் சொன்னார். கோயில் பணிக்காகப் பல ஊர்த் தளிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர்களும் அங்கே உள்ளன. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். குடை பிடிப்பவர், விளக்குப் பிடிப்பவர், நீர் தெளிப்பவர், குயவர், தையற்காரர் ஆகியோருக்கும் அதே கல்வெட்டில் பங்கு உண்டு. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பேரேட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கூலிக்கணக்கில் பெயர் எழுதினார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் குழல் விளக்கு முதல் தண்ணீர்த் தொட்டி வரை உபயதாரர் பெயர் உண்டு. நாள்தோறும் மாலை கொடுத்தவர் பெயர் இல்லை.

மறுநாள் கும்பகோணம் போய்ப் பேருந்து ஏறினேன்.

நந்தவனத்தில் பாதியை வாகனங்கள் நிற்பதற்காகச் சமன் செய்திருக்கிறார்கள். மீதியில் இரண்டு நந்தியாவட்டையும் ஒரு பவழமல்லி மரமும் நிற்கின்றன. மாலைகள் கும்பகோணம் பூக்கடைத் தெருவிலிருந்து வருகின்றன. நாருக்குப் பதில் நூல். குறை சொல்வதற்கில்லை, தொடுக்க ஆள் இல்லை.

படத்தில் இருக்கும் குருக்களின் குமாரர்தாம் இப்போது பூஜை செய்கிறார். அவருக்கும் ஆயாவின் பெயர் தெரியவில்லை. “அப்பா மாசாந்திர அர்ச்சனைக்கு ஒரு நோட்டுப் போட்டிருந்தார். அதிலே ஆயா பேரிலே ஒண்ணு உண்டு. ஆனா அது உங்களுக்குப் பிரயோஜனப்படாது” என்றார். ஏனென்று கேட்டேன். “ஆயா தன் பேருக்குப் பண்ணிக்க மாட்டா. அம்பாள் பேருக்கே அர்ச்சனை பண்ணச் சொல்லுவா. அப்பா அப்படித்தான் எழுதி வெச்சிருக்கார்.”

‘சுவாமி பேருக்கே அர்ச்சனை பண்ணுங்கள்’ என்று சொல்லும் பக்தர்கள் எல்லாத் தலங்களிலும் உண்டு. வாசகர்களில் பலரும் அப்படிச் சொல்பவர்களாக இருப்பீர்கள். ஆகவே எனக்கு அது வியப்பாக இல்லை. இருந்தாலும் நோட்டைப் பார்க்க விரும்பினேன். பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

மூன்று பத்திகள். பெயர், நட்சத்திரம், குறிப்பு. ஒரு வரியில் பெயர்ப் பத்தியில் எங்கள் ஊர் அம்பாளின் திருநாமம். குறிப்பில், ‘நந்தவனம். 25 பைசா.’ நடுவில் நட்சத்திரப் பத்தியில் அனுஷம் என்று எழுதியிருந்தது.

பத்திகளைப் பார்த்துப் பழகிய கண் அங்கேயே நின்றுவிட்டது. அம்பாளுக்கு என்றால் நட்சத்திரம் எதற்கு? அப்படியே எழுதினாலும் பூரம் என்றல்லவா எழுதியிருப்பார்? குருக்களிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாளா இது எனக்குத் தோணலையே” என்றார்.

ஆயாவின் தம்பி வழியில் ஒரு பேத்தி ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதாகத் தவில்காரர் வீட்டில் சொன்னார்கள். அறுபது வயதுக்கு மேலான அம்மையார். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. என்னை இன்னார் மகன் என்று சொல்லிக்கொண்டேன். கேட்டேன்.

“எங்க அத்தைப் பாட்டி பேருங்களா? அம்மன் பேருதாங்க. நாலு புள்ளைங்க தங்காம அஞ்சாவதா பொறந்துச்சாம். உங்க ஊரு அம்மனுக்கு வேண்டிக்கிட்டு அந்தப் பேரையே வச்சாங்க. பத்தொம்பது வயசுல அதும் புருஷன் தவறிப் போயிட்டாரு. திரும்பி வந்து, அவங்க அம்மா பாத்த பூ வேலையை எடுத்துக்கிட்டாங்க.”

“நட்சத்திரம்?”

“அது எங்களுக்கு எங்கே தெரியுதுங்க.”

தேவையில்லை. நோட்டில் இருந்தது. ஆயா மாதந்தோறும் தம் பெயருக்கே அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். அம்பாளுடைய பெயர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

படத்தைக் காட்டினேன். அத்தைப் பாட்டியின் படம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தார். விளிம்பில் விரலை வைத்தார். பிறகு, “முழுசா இல்லீங்களா?” என்றார்.

ஏன் முழுதாக இல்லை என்பதைச் சொன்னேன். தள்ளிப் போகச் சொன்னவன் நான்தான் என்பதையும் சொன்னேன். இதுவரை யாரிடமும், என் மனைவியிடம்கூட, அதைச் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தக் காலத்துல அப்படித்தாங்க எல்லாரும்” என்றார். காப்பி சாப்பிட்டுப் போகும்படி சொன்னார். நான் உட்கார்ந்தேன். கோழி நெல்லில் கால் வைத்தது. அதை விரட்ட எழுந்தார்.

திரும்பும் வழியில் நன்னிலம் பக்கத்துத் திருப்புகலூருக்கும் போய் வந்தேன். அப்பர் பெருமான் முத்தி பெற்ற தலம். முருக நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரும் பறித்து, இண்டை முதலான மாலைகள் புனைந்து ஈசனுக்குச் சாத்தியதுதான் அவர் செய்த தொண்டு. அதற்காகவே அறுபத்துமூவரில் ஒருவரானார். அவர் சந்நிதியில் சிறிது நேரம் நின்றேன். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். ஆயாவின் பெயரைச் சொன்னேன்; அனுஷம் என்றேன்.

படத்தை வெட்டாமல் போடக் குழுவினர் இசைந்துவிட்டார்கள். அந்த இளைஞர்தாம் முதலில் இசைந்தவர். சென்ற வாரம் மலரின் அச்சுப்படி வந்தது. இடமிருந்து வலமாக 18 பெயர்கள். கடைசிப் பெயரில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. திருத்தி, மறுநாளே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.